நாற்பத்து இரண்டாவது உடைப்பு

பதினோரு வருடம், இரண்டு மாதம். அந்தச் சரக்குக் கிடங்கில் சேர்ந்த நாளிலிருந்து அவள் ஒரு தப்புகூடச் செய்ததில்லை. வந்திறங்கும் பெட்டிகளை எண்ணுவாள், சீட்டு ஒட்டுவாள், எந்த வரிசைக்குப் போக வேண்டும் என்று எழுதுவாள். ஒட்டிய சீட்டை உரித்து மறுபடி ஒட்டியதை யாரும் பார்த்ததில்லை. அதனால் ‘நூத்துக்கு நூறு’ என்று பெயர் வந்தது. நாளாக ஆக அது தேய்ந்து ‘நூறக்கா’ ஆயிற்று. பாராட்டா கிண்டலா என்று அவள் துருவிப் பார்க்கவில்லை. பெருமையாகவே எடுத்துக்கொண்டாள்.

கையெழுத்து அச்சடித்த மாதிரி இருந்ததால் இன்னொரு வேலையும் அவள் தலையில் விழுந்தது. உடைப்பு நோட்டு. கிடங்கில் எது விழுந்தாலும், நசுங்கினாலும், கொட்டினாலும் தேதி, பொருள், யார் கையால் என்று அதில் எழுத வேண்டும்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, எட்டாம் வகுப்பு படிக்கும் மகளின் கணக்கு டீச்சர் கூப்பிட்டு அனுப்பும்வரை.

டீச்சர் திருத்திய தாளை மேசையில் விரித்தார். பதினான்கு கேள்விகள். ஒன்பதுக்கு மகள் விடை எழுதியிருந்தாள்; ஒன்பதும் சரி. மீதி ஐந்து இடங்களும் வெள்ளை வெளேரென்று கிடந்தன.

“ஒரு சிவப்புக் கோடுகூட இல்லையே டீச்சர்!” அவளுக்கு வாயெல்லாம் பல்.

“அதுக்குத்தாம்மா கூப்பிட்டேன். இந்த அஞ்சும் அவளுக்குத் தெரியாதுன்னு இல்ல. பாதி வரைக்கும் நல்லாவே போடுவா. கடைசி வரைக்கும் சரியா வருமான்னு சந்தேகம் வந்துட்டா பேனாவையே எடுக்க மாட்டேங்குறா. பின்பெஞ்சுப் பசங்க கன்னாபின்னான்னு எழுதிட்டு இவளைவிட மார்க் வாங்கிட்டுப் போறாங்க.”

“சின்ன வயசுலேருந்தே அப்படித்தான் டீச்சர். எதையும் சுத்தமா செய்யணும் அவளுக்கு.”

“யாரைப் பார்த்துக் கத்துக்கிட்டா?”

டீச்சர் சாதாரணமாகத்தான் கேட்டார். அவளுக்குச் சுருக்கென்றது.

வீட்டுக்கு நடக்கும்போது மகள் கையை இழுத்தாள். “திட்டுனாங்களாம்மா?”

“இல்லடி. தெரிஞ்ச வரைக்கும் எழுத வேண்டியதுதானே?”

“தப்பாயிட்டா?”

“ஆனா ஆயிட்டுப் போகுது.”

“நீ மட்டும் தப்பு பண்ணியிருக்கியா? ஒரு நாள்கூட இல்லன்னு நீயேதானே எல்லார்கிட்டயும் சொல்லுவ?”

அவள் மகளின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் காலை, கிடங்கின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் பழக விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம். முன்பக்கம் இரண்டு இரும்புக் கைகள் நீட்டிக்கொண்டு, சரக்கை அடுக்கோடு தூக்கும் வண்டி அது. இந்தத் தாளை அவள் பார்ப்பது இது நாலாவது முறை. முதல் மூன்று முறையும் ‘நன்றாக வரும் என்று தெரிந்த பிறகு கொடுக்கலாம்’ என்று நகர்ந்துவிட்டாள். வண்டியில் ஏறிப் பார்க்காமலே நன்றாக வருமா என்று எப்படித் தெரியும்? அந்தக் கேள்வி அவளுக்கு அன்றைக்குத்தான் தோன்றியது.

மதியம் உடைப்பு நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். நாற்பத்தோரு உடைப்புகள். எல்லாம் அவள் கையெழுத்து. ஒன்றில்கூட அவள் பெயர் இல்லை. அதில் பதினேழு ஒரே ஆளுடையவை. அந்த ஆள் யாரென்று பார்த்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலைமை ஓட்டுநர். புதிதாக வருகிறவர்களுக்கு வண்டி சொல்லிக்கொடுக்கப் போகிறவரே அவர்தான்.

நோட்டை மூடிவிட்டுப் போய்ப் பெயர் கொடுத்தாள்.

“நூறக்கா வண்டி ஏறப் போகுதாம்! எல்லாரும் தலையைக் காப்பாத்திக்குங்கப்பா!” என்று கத்தினான் சுமை ஏற்றுகிற ஒருவன்.

“உனக்கென்னடா கவலை? காப்பாத்துற அளவுக்கு அதுல என்ன இருக்கு?” என்றாள்.

முதல் பத்து நாள் வெறும் வண்டி. கோடு போட்ட மாதிரி ஓட்டினாள். பதினோராம் நாள் சலவைத்தூள் பெட்டிகளைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினாள். சுமையைக் கீழே இறக்கிக்கொண்டுதான் வண்டியைத் திருப்ப வேண்டும். அவள் உயரத்தில் வைத்தபடியே திருப்பிவிட்டாள். அடுக்கு ஒரு நொடி யோசித்த மாதிரி ஆடி நின்றது. பிறகு மொத்தமாகச் சரிந்தது.

கிடங்கு முழுக்க வெள்ளைப் புகை. யாரோ அடுக்கடுக்காகத் தும்மினார்கள்.

தலைமை ஓட்டுநர் ஓடிவந்தார். “அடிகிடி பட்டுச்சா?”

“இல்லண்ணே.”

“கீழ யாரும் இல்லையே?”

“இல்ல.”

“அப்போ போய் நோட்டை எடுத்துட்டு வா. நீதானே எழுதணும்?”

எழுதினாள். நாற்பத்து இரண்டு. தேதி. சலவைத்தூள், முப்பது பெட்டி. யார் கையால் என்ற இடத்தில் அவள் பெயர். அச்சு மாதிரி இருந்த கையெழுத்து அந்த ஒரு வரியில் மட்டும் கோணிக்கொண்டு போனது.

“எனக்கு இது சரிப்பட்டு வராதுண்ணே. சீட்டு ஒட்டவே போறேன்.”

“உன் இஷ்டம். வண்டி காலையில ஏழு மணிக்கு இங்கதான் நிக்கும்.”

அவள் நகரவில்லை. “நீங்க முதல் தடவை கவுத்தப்போ என்ன பண்ணீங்க?”

அவர் தாடையைச் சொறிந்தார். “என்ன பண்ணேன்... சாப்பிடப் போனேன்னு நினைக்கிறேன்.”

வீட்டில் மகள் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். “என்னம்மா, ஒரே நாள்ல தலை நரைச்சிருச்சு?”

‘பெட்டி கிழிஞ்சிருச்சு’ என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போயிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“சோப்புத்தூள்டி. முப்பது பெட்டி. நான்தான் கவுத்துட்டேன்.”

“நீயா?” மகளின் கண் விரிந்தது. “நீயாம்மா?”

“நானேதான்.”

“செம திட்டா?”

“நோட்டுல எழுதச் சொன்னாங்க.”

“அவ்ளோதானா?”

“கூட்டிப் பெருக்கவும் சொன்னாங்க. இன்னும் மூக்கு எரியுது.”

மகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தாயின் முடியைத் தட்டிவிட்டு, கையில் ஒட்டிய தூளை முகர்ந்து பார்த்தாள். பிறகு சிரிப்பு நின்றது. “நாளைக்குப் போவியா?”

‘ம்’ என்று ஒப்புக்குச் சொன்னால் இவள் கண்டுபிடித்துவிடுவாள். மகளின் நோட்டைப் பார்த்தாள். ஆறாவது கணக்குக்கு எதிரே இடம் காலியாக இருந்தது. முக்கால்வாசி விடை ஓரத்தில் பென்சிலால் எழுதி அழிக்கப்பட்ட தடமாகத் தெரிந்தது.

“பயமாத்தான் இருக்கு,” என்றாள். “ஆனா போவேன். ஆறரைக்கே கிளம்பணும், சீக்கிரம் எழுப்பிவிடு.”

மகள் அழிப்பானை எடுத்துப் பெட்டிக்குள் போட்டு மூடினாள். ஆறாவது கணக்கைப் பேனாவால் எழுதினாள். தப்பாகத்தான் வந்தது.

நாற்பத்து மூன்றாவது உடைப்பும் நூறக்காவுடையதுதான், இரண்டே பெட்டி. நோட்டை இப்போது வேறொருத்தி எழுதுகிறாள். நூறக்காவுக்கு ஓட்டுநர் தேர்வு வரும் வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு.