ஆறு நிமிஷ நடை

"...ஆட்டை விக்கணும்னா வித்துட்டுப் போவோம். அதுக்கு என்னைய எதுக்கு மாப்ள இந்த வராண்டாவுல மேயவிடுதாவ?" என்றார் அத்தான், என் அக்கா வீட்டுக்காரர். கேட்டது என்னிடம், குத்தல் பக்கத்தில் நின்ற நர்ஸம்மாவுக்கு.

இரண்டாயிரமாவது வருஷம் தாண்டி ஏதோ ஒரு மாசி மாதம். கோவில்பட்டியில் ஓர் இருதய டாக்டரின் ஆஸ்பத்திரி. அத்தானுக்கு இருதயத்தின் பம்பிங் குறைந்து, கால் வீங்கி, நீர் மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் வருஷம். அறுப்பு முடிந்தால் விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காடுகளில் உரத்துக்கு ராத்தங்கல் கிடை போட ஆட்டைப் பத்திக்கொண்டு கிளம்பிவிடுவார். இந்த வருஷமும் போகலாமா என்பதுதான் வீட்டில் சண்டை. "டாக்டர் சரின்னா போகட்டும். இல்லேன்னா ஆட்டை வித்துரணும்" என்று சொல்லி அக்கா எங்களை பஸ் ஏற்றிவிட்டிருந்தாள்.

வராண்டாவின் இரண்டு முனையிலும் ஒரு நாற்காலி. நர்ஸம்மா அத்தான் விரலில் கிளிப் மாதிரி ஒன்றை மாட்டினார். "ஆறு நிமிஷத்துல முடிஞ்ச மட்டும் போய்ப் போய் வாங்க. மூச்சு வாங்குனா உக்காரலாம். ஆனா கடிகாரம் நிக்காது."

அத்தான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முன்னால் முப்பது உருப்படி ஆடு போகிற மாதிரி நடந்தார். மூச்சு வாங்கவில்லை, வியர்க்கவில்லை. ஜெயிச்சாச்சு என்றுதான் நினைத்தேன். நர்ஸம்மா தூரத்தைக் கணக்குப் போட்டு உதட்டைப் பிதுக்கினார். "ரொம்பக் குறைச்சல்."

"ஆட்டுக்குப் பின்னால போறவிய நடையே அப்படித்தாம்மா. பகலெல்லாம் நடப்பாவ" என்றேன் நான்.

"அது சரிண்ணாச்சி. வேகமா நடக்க முடியுமா?"

நான் அத்தானைப் பார்த்தேன். கணக்கைப் பார்த்த டாக்டரும் குழம்பிப்போய், அரை மணி நேரம் உட்காரவைத்து, திரும்ப நடக்கவிடுங்கள், வேகமாக, என்றார்.

பெஞ்சில் உட்கார்ந்தோம். மூச்சு வாங்காதது நல்லதா, தூரம் குறைந்தது கெட்டதா, அக்காவிடம் எதைச் சொல்ல? "அத்தான், மெய்யாச் சொல்லுங்க. வேகமா நடக்க முடியலையா, இல்ல நடக்கலையா?"

"ஒரு வருஷமா அதான் மாப்ள எனக்கும் பிடிபடல. ஆடு மெதுவாப் போகுதேன்னு நான் மெதுவாப் போறனா, நான் பிந்துதேன்னு ஆடு நின்னு நின்னு போகுதா..."

நர்ஸம்மா கூப்பிட்டார். அத்தான் வேட்டியை மடித்துக் கட்டி விறுவிறுவென்று கிளம்பினார். மூணாவது நடையில் அந்த முனை நாற்காலியின் முதுகைப் பிடித்தார். பிறகு உட்கார்ந்தார். நெஞ்சு ஏறி இறங்குவது இங்கிருந்தே தெரிந்தது. பக்கத்தில் ஓடினேன்.

"நேரம் இருக்குய்யா, ஆறிட்டு நடக்கலாம்" என்றார் நர்ஸம்மா.

அத்தான் விரல் கிளிப்பைத் தானே கழற்றி அவர் கையில் கொடுத்தார். பிறகு சட்டைப்பையைத் துழாவி, ஆட்டு வியாபாரியின் போன் நம்பர் எழுதிய, மடிப்பில் நைந்துபோன சீட்டு ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.