பஸ் ஸ்டாப்பில் நின்ற சூத்திரம்

புது ஃபிளெக்ஸுக்கு ஒரு வாசனை உண்டு. பெயின்ட்டும் ரப்பரும் கலந்த மாதிரி, மூக்கை விட்டுப் போகாத வாசனை... இப்போதும் எங்காவது கல்யாணத்துக்குப் பேனர் கட்டும்போது அது அடித்தால், எனக்கு முகம் சுண்டிப்போகிறது.

அப்போது நான் ஆராய்ச்சி மாணவன். பாடம் ரெப்ரசென்டேஷன் தியரி. குரூப் என்று ஒரு கணிதப் பொருள். அதன் ஒவ்வொரு உறுப்பையும் மேட்ரிக்ஸாக எழுதி, அந்த மேட்ரிக்ஸ்களை இதற்கு மேல் பிரிக்க முடியாது என்கிற அளவுக்குச் சின்னத் துண்டுகளாகப் பிரித்துப் பார்ப்போம். ஊரில் இதைச் சொன்னால், "குரூப் ஃபோரா, குரூப் டூவா தம்பி?" என்பார்கள்.

மாமா மட்டும் அப்படிக் கேட்டதில்லை. அம்மாவின் தம்பி. பழனிசெட்டிபட்டியில் சொட்டுநீர் பைப் கடை வைத்திருந்தார்.

அந்தப் பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும் முன்புதான் என் முதல் கட்டுரையை இணையத்தில் ஏற்றியிருந்தேன். ஒருவகை குரூப்களின் ரெப்ரசென்டேஷன்கள் எல்லாமே முழுசாகத் துண்டுகளாகப் பிரியும் என்று ஒரு தேற்றம். என் கைடு, "ஊருக்குப் போய்ட்டு வா, நான் இன்னொரு தடவை படிச்சிடறேன்" என்றுதான் சொல்லியிருந்தார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. கேட்கவில்லை.

ஊருக்கு வந்ததும் என் போனைத் திறந்து மாமாவிடம் கட்டுரையைக் காட்டினேன்.

"ஏலே மாப்ள, இத வெளிநாட்டுக்காரகளும் பாப்பாகளா?"

"பாப்பாக மாமா."

"இதுல எந்த வரி முக்கியம்?"

கட்டுரையின் உயிரே இதுதான் என்று பெருமையாக ஒரு வரியைக் காட்டினேன். குரூப் முழுக்கச் சுற்றிச் சராசரி எடுக்கும் ஒரு இன்டக்ரல். அதை ஏன் கேட்டார் என்று பொங்கலன்று காலையில்தான் தெரிந்தது.

பஸ் ஸ்டாப்பில் பேனர். யார் கல்யாணத்திலோ கூலிங் கிளாஸ் போட்டு எடுத்த என் போட்டோ. "உலகமே பார்க்கும் கணக்கைக் கண்டுபிடித்த எங்கள் குலவிளக்கே!" கீழே சின்னச் சின்ன வட்டங்களுக்குள் மாமாவும் சித்தப்பாக்களும் கைகூப்பியபடி. நடுவில் என் இன்டக்ரல்... சிவப்பு எழுத்தில், மஞ்சள் பார்டர் போட்டு.

கூச்சமாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். தேவையே இல்லாமல் டீக்கடைக்குப் போய்ப் போய் வந்தேன்.

மாட்டுப் பொங்கலன்று மெயில் வந்தது. யாரோ முன்பின் தெரியாதவர், ரொம்ப மரியாதையாக எழுதியிருந்தார். உங்கள் குரூப் காம்பேக்ட் இல்லையே என்று கேட்டு, கீழே ஒரு மேட்ரிக்ஸ். மேல் வரிசையில் 1, t. கீழ் வரிசையில் 0, 1. t எந்த எண்ணாகவும் இருக்கலாம். என் தேற்றத்துக்குள் வருகிற குரூப்தான். அது துண்டாகப் பிரியவே பிரியாது.

எம்.எஸ்சி. முதல் வருடத்திலேயே எல்லோரும் படிக்கிற உதாரணம் இது. ஜூனியர் பிள்ளைகளுக்கு நானே போர்டில் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

சராசரி எடுப்பது கோயில் கிடாக் கறியைக் கூறு போடுவது மாதிரிதான். தலைக்கட்டு, அதாவது குடும்பம், இத்தனை என்று ஒரு முடிவு இருந்தால்தான் சமமாகக் கூறு விழும். ஃபைனைட் குரூப்பில் எண்ணிவிடலாம். காம்பேக்ட் குரூப்பில் எண்ண முடியாவிட்டாலும் மொத்தத்தை ஒன்று என்று அளந்துவிடலாம். என் குரூப்போ எல்லையில்லாமல் போய்க்கொண்டே இருப்பது. காம்பேக்ட் என்றால் குளோஸ்டாகவும் இருக்க வேண்டும், பவுண்டடாக, அதாவது ஓர் எல்லைக்குள் அடங்கியும் இருக்க வேண்டும். குளோஸ்டா என்று சரிபார்த்த மகாராசன் நான், பவுண்டடா என்று பார்க்கவில்லை.

அந்தத் தப்பான வரிதான் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறது. கம்பம் போகிறவர்கள், போடி போகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். ஒருவருக்கும் புரியாதுதான். எனக்குப் புரிகிறதே... அந்தப் பக்கமே போக முடியவில்லை.

கடைக்குப் போய் மாமாவிடம், கட்டுரையில் தப்பு இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

"எந்த எடத்துல?"

"நடுவுல போட்டிருக்கீகளே, அந்த வரிதான்."

"அம்புட்டுத்தானே? சரியான வரிய எழுதிக் குடு மாப்ள. ஸ்டிக்கர் அடிச்சு மேல ஒட்டிப்புடலாம். போன வருசம் ஒன்றியச் செயலாளர் பேரையே அப்படித்தான் ஒட்டுனாக."

"சரியான வரின்னு ஒண்ணு இல்ல மாமா. அந்தக் கணக்கே நிக்காது."

மாமா கையிலிருந்த பைப் சுருளைக் கீழே வைத்தார். "வா, வந்து ஏணியப் பிடி" என்றார்.

பட்டப்பகல். டீக்கடை பெஞ்சு நிறைய ஆட்கள்.

"ஏண்ணே, நேத்துத்தானே கட்டுனீக? அதுக்குள்ள ஏன் எறக்குறீக?"

"காத்து ஜாஸ்தியா இருக்கு" என்று நான் முந்திக்கொண்டேன்.

மாமா ஏணி மேலிருந்து, "காத்தெல்லாம் இல்லப்பா. கணக்குல ஒரு எடம் தப்பாப் போச்சு. மருமகனே கண்டுபுடிச்சு, அவனே வந்து சொன்னான். எம்புட்டுப் பேரு அப்படிச் சொல்லுவாக?" என்றார்.

பெஞ்சில் இருந்தவர்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். மெயில் வந்ததை மாமாவிடம் நான் சொல்லவே இல்லை. அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது வேறு ஊரில் காலேஜ் வாத்தியார். இன்றைக்கு இந்த மாதிரிச் சேதிக்கெல்லாம் யாரும் பேனர் கட்டுவதில்லை. ஏதாவது நடந்தால் போன் ஸ்டேட்டஸில் வைக்கிறார்கள், மறுநாள் அதுவே மறைந்துவிடுகிறது. எங்கள் காலத்துக்கு அந்த வசதி இல்லாமல் போச்சு. பழனிசெட்டிபட்டியில் மாமா இன்னமும், தன் தப்பைத் தானே கண்டுபிடித்த மருமகன் என்றுதான் என்னைப் பற்றிச் சொல்கிறாராம். அம்மா சொன்னாள்.

போன மாசம் ஒரு கட்டுரை வெளியானது. காம்பேக்ட் குரூப்தான். இந்தத் தடவை என் பழைய கைடு, நண்பர்கள், எல்லோரும் படித்துச் சரி என்ற பிறகுதான் அனுப்பினேன். போன ஞாயிற்றுக்கிழமை மாமா போன் பண்ணியிருந்தார்.

"புதுசா ஏதும் எழுதுனியா மாப்ள?"

"இல்ல மாமா."

"சரி, சரி. எழுதுனா எங்கிட்டத்தானே மொதல்ல சொல்லுவ..."