பட்டறையில் பிறந்த சமையல் குறிப்புகள்

வெல்டர் முதன்முதலாகச் சமைத்துக்கொண்டு வந்த சோற்றை, அது சோறுதான் என்று பட்டறையில் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. டிங்கர் அதைக் கரண்டியால் குத்திப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதைக் கதவு ஓட்டையில வெச்சு அடைச்சா மழைக்குக்கூட அசையாது" என்றார். வயரிங் அக்கா ஒரு வாய் எடுத்து மென்றார். அப்புறம் முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று தெரியாமல் பழைய பேட்டரிகள் கிடக்கும் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். பெயின்டர் மட்டும் பேசாமல் சாப்பிட்டான். அவன் தனியாக அறை எடுத்துத் தங்கியிருப்பவன். சூடாக எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவான்.

அது லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை. வெல்டர் இரும்பைப் பற்றவைப்பார், டிங்கர் தகரத்தில் நெளிவெடுப்பார், வயரிங் அக்கா விளக்கு முதல் ஹார்ன் வரை கம்பி இழுப்பார், கடைசியில் பெயின்டர் வண்ணம் அடிப்பான். அக்கா என்பது வயதில் பெரியவர்களுக்கும் அவர் அக்காதான் என்பதால் வந்த பெயர். மதியம் ஆனால் நாலு பேரும் பாதி கட்டிய ஏதாவது ஒரு லாரியின் பலகையில் ஏறி உட்கார்ந்து, டப்பாக்களைத் திறந்து நடுவில் வைத்துவிடுவார்கள். என்னுது, உன்னுது என்ற பேச்சே கிடையாது. அதில் வெல்டரின் டப்பாவுக்குத்தான் எப்போதும் கிராக்கி. கொஞ்சம் அசந்தால் வெல்டருக்கே மிஞ்சாது. அது அவர் மனைவியின் சமையல்.

அந்தம்மா ஒரு மாணவர் விடுதியில் தலைமைச் சமையல்காரர். அண்டா அண்டாவாகச் சமைத்தாலும் கைப்பக்குவம் மாறாது. குரலும் அந்த அண்டா அளவுக்குத்தான். சமையலறைக்குள்ளிருந்து "உப்பு!" என்றால் வாசலில் நிற்பவன் உப்பை எடுத்துக்கொண்டு ஓடிவருவான். வீட்டில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஒருவர் பேச்சை ஒருவர் மறித்தே குடும்பம் நடத்தியவர்கள். இவர் முந்திக்கொண்டு ஒன்று சொல்வார், அந்தம்மா அதை அமுக்கிவிட்டு இன்னொன்று சொல்வார். மகள் கல்யாணமாகிப் போகும்போது, "இனிமே உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நியாயம் சொல்ல ஆளில்ல" என்று சிரித்துக்கொண்டே அழுதாள்.

அப்படிப்பட்ட அந்தம்மாவுக்கு ஒரு காலையில், வாணலியை இறக்கப் போன இடத்தில், பக்கவாதம் வந்தது. செயலிழந்த வலது காலும் கையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பின. பேச்சுதான் திரும்பவில்லை. வார்த்தைகள் நெஞ்சு வரை வரும், நாக்கில் ஏறாது. மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் பெண் வெல்டரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "புத்தியில எல்லாம் இருக்குங்க. வர்ற வழிதான் அடைச்சிருக்கு. இந்த ஆரம்ப மாசங்கள்ல எவ்வளவு பேசுறாங்களோ அவ்வளவும் லாபம். பேசாம உக்காந்துட்டா அப்படியே நின்னுபோயிடும். நீங்க முக்கியமா கவனிக்க வேண்டியது என்னன்னா, அவங்க ஒரு வார்த்தையைத் தேடிட்டு இருக்கும்போது..."

"நான் எடுத்துக் குடுக்கணும், அவ்வளவுதானே? அது என் பொறுப்பும்மா, கவலையே படாதீங்க" என்று வெல்டர் எழுந்துவிட்டார். அந்தப் பெண் வாயைத் திறந்தாள். அதற்குள் இவர் கதவருகே போய்க் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டில் அவர் பார்த்துக்கொண்டதைப் போல இன்னொருவர் பார்த்துக்கொள்ள முடியாது, அதை யாரும் மறுக்க மாட்டார்கள். அந்தம்மா "த" என்பதற்குள் தண்ணீர் கையில் இருக்கும். "ஜ" என்றால் ஜன்னல் சாத்தியாகிவிடும். கொஞ்ச நாளில் அந்தம்மா "த" என்பதையும் விட்டுவிட்டார். கட்டிலில் சுவர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார். யாராவது வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். மகள் போன் செய்தால் தலையை மட்டும் ஆட்டுவார், போனில் தலையாட்டுவது யாருக்குக் கேட்கும்? நாள் ஓடிக்கொண்டிருந்தது.

இதற்கிடையில்தான் சமையல் அவர் தலையில் விழுந்தது. பட்டறையில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். சோற்றுக்கு எவ்வளவு தண்ணீர் என்று அக்கா விரல்கணுவைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். அது தேறியது. கீரைக்கு வந்தபோது டிங்கர் முந்திக்கொண்டார். "முழுக் கீரையைக் கழுவுறது பெரிய ரோதனை அண்ணே. பொடியா நறுக்கிடுங்க, அப்புறமா தண்ணியில போட்டு அலசினா சுளுவா முடிஞ்சுடும்." டிங்கர் உள்ளன்போடுதான் சொன்னார். அவர் தன் வாழ்நாளில் கீரையைத் தட்டில்தான் பார்த்திருக்கிறார்.

சாயங்காலம் வெல்டர் அதை அப்படியே மனைவியிடம் ஒப்பித்தார். ஒப்பித்துவிட்டுக் கத்தியை எடுத்தார். சுவர்ப்பக்கமிருந்து ஒரு சத்தம்.

"எவ... எவன்... சொன்னான்?"

வெல்டர் கத்தியைக் கீழே வைத்தார். அந்தம்மா திரும்பி உட்கார்ந்திருந்தார். கண்ணில் கோபம் தெரிந்தது. நோய் வந்ததிலிருந்து வெல்டர் பார்க்காத கோபம்.

"டிங்கர் சொன்னான்" என்றார், பயந்துகொண்டே.

"சத்து... சத்தெல்லாம்..." அந்தம்மா தேடினார். வெல்டர் விழித்தார். சத்துக்கு என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தால்தானே சொல்வார்? "தண்ணியில... போயிடும். முட்டாளே!"

அந்த முட்டாள் டிங்கரா தானா என்று வெல்டர் கேட்டுக்கொள்ளவில்லை. வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. மறுநாள் பட்டறையில் அதை அப்படியே நடித்துக் காட்டினார். டிங்கர் தன் மானம் போனதைக்கூடப் பெரிசாக நினைக்கவில்லை. "அண்ணே, அப்ப இன்னும் ரெண்டு தப்பா சொல்லட்டுமா?" என்றார்.

அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரம் தப்பான சமையல் குறிப்பு தயாரிக்கும் நேரமாகிவிட்டது. எதையாவது உளறினால் போதாது என்பது சீக்கிரம் புரிந்தது. "சோத்துல கிரீஸ் போடச் சொல்லுங்க" என்று டிங்கர் சொன்னதற்கு அந்தம்மா கண்ணைக்கூடத் திறக்கவில்லை. கேட்டால் நம்புகிற மாதிரி இருக்க வேண்டும், சமைக்கத் தெரிந்தவருக்கு மட்டும் உடம்பு எரிய வேண்டும். அதற்கு நன்றாகச் சமைக்கிற ஆள்தான் வேண்டும், ஆக அந்த வேலை அக்காவிடம் போனது. "வெங்காயம் சீக்கிரம் சிவக்கணும்னா மூடி போட்டு வதக்கணும்னு சொல்லுங்கண்ணே. பத்திக்கும் பாருங்க." பற்றிக்கொண்டது. "வெ... வெந்து... குழைஞ்சு போகும்! சிவக்காது!" அவித்த முட்டையைச் சூட்டோடு உரிப்பது, மீனை வாங்கிவந்து சாயங்காலம் வரை தண்ணீரில் ஊறப்போடுவது என்று ஒவ்வொன்றாக வீட்டுக்குப் போயின. ஒவ்வொன்றுக்கும் அந்தம்மாவிடமிருந்து ஒரு வாக்கியம் வந்தது. பெயின்டருக்கு அப்படி எதுவும் தோன்றாது. அண்ணி நேற்று என்ன சொன்னார் என்று மட்டும் தினமும் கேட்பான், கேட்டுக்கொண்டே டப்பாவை வழித்துவிடுவான்.

அந்தத் திட்டுகளை வாங்கி வாங்கித்தான் வெல்டருக்குச் சமையல் வந்தது. டப்பாவுக்கு மறுபடி கிராக்கி வந்தது. அக்காவே ஒருநாள், "அண்ணே, இந்த உருளைக்கிழங்குல என்ன போட்டீங்க?" என்று கேட்டார். வெல்டர் மிதந்தபடிதான் வீடு போனார்.

அதே நாட்களில் அந்தம்மா மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதலில் வெல்டர் அதைக் களைப்பு என்று நினைத்தார். பிறகு, குறிப்புகளில் காரம் போதவில்லை என்று நினைத்தார். "அக்கா, இன்னும் பலமா ஒண்ணு சொல்லுங்க" என்று கெஞ்சினார். அக்கா தன் மூளையைக் கசக்கிப் பிழிந்து கொடுத்ததெல்லாம் வீட்டில் எடுபடவில்லை. அந்தம்மா ஒரு எழுத்தோடு நிறுத்திக்கொள்வார், இல்லை உதட்டை இறுக்கிக்கொள்வார். பேச்சுப் பயிற்சிக்குப் போனால், போன மாதத்தைவிட இந்த மாதம் பேச்சு குறைந்திருக்கிறது என்றார்கள். வெல்டர் பட்டறையில் இரும்பு மறைப்பை முகத்தில் மாட்டிக்கொண்டு, பற்றவைக்க எதுவும் இல்லாதபோதும் கழற்றாமல் நின்றார். உள்ளே அவர் அழுகிறார் என்று மற்ற மூவருக்கும் தெரியும்.

"இந்த ஞாயித்துக்கிழமை நாங்களே வர்றோம்" என்றார் டிங்கர். "நேர்ல நின்னு தப்பு தப்பா சொன்னா, திட்டாம எங்க போவாங்க?"

வந்தார்கள். அக்கா ஒரு தூக்கு நிறைய எதையோ சமைத்துக் கொண்டுவந்தார். டிங்கர் தன் உரையை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தார். ஆனால் அந்தம்மாவின் எதிரில் உட்கார்ந்ததும் அவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அப்போது பெயின்டர், யாரும் எதிர்பார்க்காமல், ஒரு சின்னப் பாத்திரத்தைத் திறந்து அந்தம்மாவின் முன்னால் வைத்தான்.

"அண்ணி, இது என் பருப்பு. கடையில தின்னு வயிறு கெட்டுப்போச்சுன்னு நானே பண்ணேன். காலையிலேருந்து வேக வெச்சேன், இன்னும் கல்லு மாதிரியே இருக்கு. நான் என்ன தப்பு பண்ணேன்னு சொல்றீங்களா?"

அது தயாரித்த குறிப்பு இல்லை, நிஜக் கேள்வி. அந்தம்மா இடது கையால் ஒரு பருப்பை எடுத்து நசுக்கிப் பார்த்தார். வாயில் போட்டார். முகம் தெளிந்தது.

"இதுல... நீ... த... த..."

"தக்காளி!" என்றார் வெல்டர். "பருப்பு வேகறதுக்கு முன்னாடியே தக்காளியைப் போட்டிருக்கான். புளிப்பு சேர்ந்தா பருப்பு வேகாது. அதைத்தான் சொல்ல வர்றா."

சரியாகத்தான் சொன்னார். அந்தம்மாவின் வாய் மூடிக்கொண்டது. கடையில் ஷட்டரை இழுத்துவிட்ட மாதிரி முகமும் சாத்திக்கொண்டது. அக்கா அதைப் பார்த்துவிட்டார்.

"அண்ணே, அவன் கேட்டது உங்களையா?"

"இல்லக்கா, அவளுக்குச் சிரமமா இருக்குமேன்னு..."

"யாருக்குச் சிரமம்? நாங்க ஓடப் போறோமா? முந்திரிக்கொட்டை மாதிரி நடுவுல வராம சும்மா இருங்க."

மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பெயின்டர் அந்தம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு, சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறவன் போலப் பொறுமையாக உட்கார்ந்திருந்தான். வெகுநேரம் ஆனது. அந்தம்மா வெல்டரைப் பார்த்துத்தான் பேசினார்.

"உங்களுக்கு... சமையல்... தெரியாதப்ப..." நின்றார். தேடினார். வெல்டரின் உதடு அசைந்தது. அக்கா முறைத்தார். "நான்... பேசினேன். நீங்க... காத்துக்கிட்டு... இருந்தீங்க."

இன்னும் முடியவில்லை என்று அவர் கண் சொன்னது.

"இப்ப... தெரிஞ்சுபோச்சு. என் வார்த்தையை... நான்... தேடிக்கறேன். புடுங்காதீங்க."

வெல்டர் தரையைப் பார்த்தார். தண்ணீர் என்றும் ஜன்னல் என்றும் தலையணை என்றும் ஓடி ஓடி எடுத்துக்கொடுத்ததெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து நெஞ்சைக் குத்தியது. அத்தனையும் பிரியத்தில் செய்தது. அதை நினைத்தபோதுதான் அவருக்கு இன்னும் வலித்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அதையும் அந்தம்மா முடிக்கவிடவில்லை. கையை ஆட்டி அடக்கிவிட்டு, பெயின்டர் பக்கம் திரும்பித் தக்காளி என்ற வார்த்தையைத் தேடி எடுத்துச் சொன்னார். அது வந்து சேரும்வரை நாலு பேரும் காத்திருந்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் வெல்டர் வெங்காயத்தை நறுக்கி வாணலியில் போட்டார். மேலே முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினால் போதும், ராத்திரிச் சாப்பாடு முடிந்தது. அந்தம்மா கட்டிலை விட்டு வந்து சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இவர் முட்டை எடுக்கத் திரும்பியபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"வெங்... வெங்காயம்..."

வெல்டர் பார்த்தார். ஓரத்தில் பழுப்பு ஏறியிருந்தது. கை தானாக அடுப்பின் திருகுக்குப் போனது. போன கை பாதியில் நின்றது.

"வெங்காயம்... க..."

அவருக்கு அந்த வார்த்தை தெரியும். வாய் நிறைய இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, கரண்டியைப் பிடித்தபடி மனைவியின் முகத்தைப் பார்த்து நின்றார். புகை கிளம்பியது. அந்தம்மாவின் கழுத்து நரம்பு புடைத்தது, இடது கை நாற்காலிக் கையைத் தட்டியது. வாணலி முழுக்கக் கறுத்துக்கொண்டு வந்தது. வெல்டர் நகரவில்லை. கண் எரிந்து தண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"கருகுது!"

விடுதிச் சமையலறைக் குரல். பக்கத்து வீட்டில் யாரோ "என்னாச்சு?" என்று கேட்டார்கள்.

வெல்டர் அடுப்பை அணைத்தார்.

"தெரிஞ்சும்... நின்னீங்களா?" என்றார் அந்தம்மா.

"ஆமா" என்றார் வெல்டர். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை.

கருகியதை ஒதுக்கிவிட்டு, மிஞ்சியதில் முட்டையை ஊற்றிக் கிளறினார். கசந்தது. இரண்டு பேரும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்கள்.