கொளஞ்சிநாதன் ஒட்டுப்போட்ட கம்பி

கொளஞ்சிநாதனுக்கு உள்ளங்கை எப்போதும் வியர்க்கும். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் மின்சார ஃபியூஸ் கேரியர்களைக் கிளேஸ் என்னும் பளபளப்புப் பூச்சில் முக்கி எடுப்பது அவர் வேலை. திருவிழாக் கச்சேரிகளில் பேஸ் கிட்டார் வாசிப்பது ஆசை. கை வியர்வையில் புதுக் கம்பிகூடச் சீக்கிரமே துருவேறிச் சத்தம் மங்கிவிடும்.

முதலில் கம்பிகளைக் கழற்றிச் சோடா உப்புப் போட்டுக் கொதிக்கவைத்தார். அழுக்குப் போனது, துரு திரும்ப வந்தது. பிறகு மனைவி பூங்கோதையின் நிறமில்லாத நெயில் பாலிஷைத் தின்னரில் நீர்க்கக் கரைத்துப் பஞ்சால் தடவினார். கெட்டியாகப் பூசினால் சத்தம் செத்துவிடும். மெல்லிசாகப் பூசிக் கொடியில் காயவிட்டது மாதக்கணக்கில் தாங்கியது.

"நான் பூசிக்க வாங்கினத கம்பிக்குப் பூசுறாரு" என்று பூங்கோதை அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். வெளியூர்க் குழுக்காரர்களும் கம்பியோடு வீடு தேடி வந்தார்கள். அந்த மதிப்பு அவருக்குப் பிடித்திருந்தது.

பெண்ணாடத்தில் கரும்பு டிராக்டர் ஓட்டும் நிலவனும் பேஸ் வாசிப்பவன். முப்பதைத் தாண்டியவன். ஸ்ரீமுஷ்ணம் கச்சேரிக்கு முந்தைய நாள், இருப்பதிலேயே தடித்த கம்பியோடு வந்தான். கிட்டாரில் மாட்டும் முனையிலிருந்த பித்தளை உருண்டை தனியாகக் கழன்றிருந்தது.

"ஒட்ட முடியுமாண்ணே? இல்லன்னா பாண்டி போயி புதுசு வாங்கியாந்துடறேன்."

"அதுக்கு எதுக்குப் பாண்டி வரைக்கும்? குடு."

பூசுவது வேறு, ஒட்டுவது வேறு. அத்தனை இழுப்பைத் தாங்கும் ஒட்டை அவர் அதுவரை போட்டதில்லை. முடியாது என்று சொல்லத்தான் மனம் வரவில்லை. கம்பியை உருண்டையில் வளைத்து முறுக்கினார். பற்றவைக்க வைத்த ஈயம் ஒட்டாததால், அடுப்புத் தீயில் காட்டிச் சூடேற்றிப் பிடிக்கவைத்தார். சூடு மிஞ்சி அந்த இடம் நீலம் பாய்ந்தது; அப்படி நிறம் மாறிய கம்பி வலுவிழந்துவிடும். கையால் இழுத்துப் பார்த்துக் கொடுத்தனுப்பினார்.

மறுநாள் மேடையில் சுருதி சேர்க்கக் குனிந்து கம்பியை இறுக்கும் ஆணியைத் திருகினான் நிலவன். ஒட்டு விட்டுச் சீறிய முனை வலது கண்ணில் அடித்தது. பாண்டியில் அறுவை செய்தார்கள். கண் தப்பியது, பார்வை வரவில்லை. டிராக்டர் ஓட்டுவதை விட்டுவிட்டான்.

கொளஞ்சிநாதன் அவன் வீட்டுக்குப் போனார்.

"அந்த ஒட்டு நிக்குமான்னு எனக்கே சந்தேகமா இருந்துது நிலவா. சொல்லாம வுட்டுட்டேன்."

நிலவன் அவர் உட்காரப் பாயை விரித்தான்.

"எனக்குந்தாண்ணே. நீலமா இருந்தத பார்த்தேன். கேட்டா சங்கடப்படுவீங்களேன்னு மாட்டிக்கிட்டேன்."

மன்னிப்புக் கேட்க வந்தவர் அதைக் கேட்காமலே எழுந்து வந்துவிட்டார்.

பட்டறையில் பேசி அவனுக்குப் பொருள் அடுக்கும் வேலை வாங்கிக் கொடுத்தார். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாமல் ஆரம்பத்தில் நிறைய உடைத்தான், இப்போது பழகிவிட்டது. மதியம் இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறார்கள். நிலவன் இன்னும் வாசிக்கிறான். கொளஞ்சிநாதன் கிட்டாரைத் தொடுவதில்லை.

"வெள்ளிக்கெழம மங்கலம்பேட்டைல ஒரு கல்யாணத்துக்கு வாசிக்கிறேண்ணே. வாங்களேன்" என்பான்.

"பார்ப்பம்பா" என்று சொல்லிவிட்டு, பாதிச் சோறு மீதமிருக்கும்போதே டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்துவிடுவார்.