அத்தாவுக்குச் சொன்ன பாடம்

லிபரல் ஆர்ட்ஸ் பல்கலைக்கழகம் என்பதால், நிதியியல் படிக்கப் போன என்னை நாடகமும் தத்துவமும் சேர்த்துப் படிக்கச் சொன்னார்கள். "ஃபைனான்ஸுக்கு எதுக்கும்மா கூத்து?" என்று அத்தா போனில் சிரித்தார். ராஜபாளையத்தில் சொந்த லோடு ஆட்டோவில் நூல் மூட்டை ஏற்றி ஓட்டுகிறவர். எட்டாவதோடு படிப்பை விட்டவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்வார். அந்த வாரப் பாடத்தை நான் ஒப்பித்தாக வேண்டும். தட்டிக் கழித்தால் கோபித்துக்கொள்வார்.

முதல் வருடத்தில் ஒரு பாடம் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஒன்றில் இதுவரை கொட்டிய பணத்தை மறந்துவிட வேண்டும், இனிமேல் போடுவதற்கு என்ன திரும்பும் என்று மட்டும் பார்க்க வேண்டும். அடிக்கடி ரிப்பேராகிப் படுத்துவிடும் அவருடைய ஆட்டோவையே உதாரணமாகச் சொன்னேன். மறுவாரமே அதை விற்றுத் தள்ளிவிட்டு வாடகைக்கு ஒரு வண்டி எடுத்தார். "எம் மக சொன்னா" என்று ஸ்ரீவில்லிபுத்தூர் பஜார் வரைக்கும் பீற்றிக்கொண்டார்.

இரண்டாம் வருடக் கடைசியில் அவருக்குக் கல்லீரலில் புற்றுநோய் என்றார்கள். மதுரையில் தனியார் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். சேமிப்பு கரைந்தது, அவரும் கரைந்தார். விடுமுறையில் வந்திருந்த நான் அடுத்த ஊசிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பஸ் ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றதும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். நானும் பதறி இறங்கினேன்.

"போதும்மா. டாக்டரைத் தனியாக் கேட்டேன். ஊசி போட்டா இன்னும் கொஞ்ச மாசம் இருப்பேனாம், அம்புட்டுத்தான். இவ்வளவு செலவழிச்சாச்சேன்னு பாக்கக் கூடாது, இனிமே போடுறதுக்கு என்ன வருதுன்னு பாக்கணும். நீதான சொன்னே? அந்தப் பணத்த உன் கடைசி வருசப் படிப்புக்குப் போட்டா பலன் வரும்."

"அது வண்டிக்குச் சொன்னது, அத்தா!" என்று கத்தினேன். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. அந்தப் பாடத்தை நடத்திய பேராசிரியர் மேல் அப்படி ஓர் ஆத்திரம் வந்தது.

பரீட்சையில் தோற்ற பையனைப் போல அத்தாவின் முகம் சுண்டிப்போனது. "கணக்கு தப்பாம்மா? எங்கேன்னு சொல்லு, பொறவு ஏறுறேன்."

தேடினேன். எங்கே தப்பு என்று பிடிபடவில்லை. கண்டக்டர் விசில் அடித்தார், பஸ் கிளம்பிவிட்டது.

"அப்போ கரெக்டுதான்" என்றார் அத்தா. அவர் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

கடைசி வருடக் கட்டணம் கட்டியாயிற்று. அவர் அடக்கம் முடிந்த பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, விடுதி அறையில் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் தப்பு எங்கே என்று தெரிந்தது. இன்னும் கொஞ்ச மாசம் இருப்பேன் என்றாரே, அந்த மாசங்களை அத்தா வரவில் சேர்க்கவே இல்லை.