தடைப் பட்டியலில் ஒரு குற்றாலம் லாட்ஜ்

கடல் கடந்து நான் வேலை பார்க்கும் உத்ரெக்ட் நகரத்தில் என் பெயருக்கு வரும் பார்சல் பெரும்பாலும் என் கைக்கு நேரே வருவதில்லை. நான் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் வண்டிக்காரர் வந்து, யாராவது ஒரு பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, அந்த வீட்டு எண்ணை ஒரு சீட்டில் எழுதி என் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போவார். யாரிடம் கொடுக்க என்று என்னை ஒரு வார்த்தை கேட்பதில்லை. நான்கு வருடமாகியும் அந்தப் பெட்டியை வாங்கியதும் திருப்பிப் பார்த்து, ஒட்டிய டேப் பிரிந்திருக்கிறதா என்று விரலால் தடவாமல் என்னால் இருக்க முடியவில்லை. பதினான்காம் எண் வீட்டுப் பெரியவர் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, “உடைந்திருக்கிறதா?” என்று அக்கறையோடு கேட்டார். “இல்லை, சும்மா பார்த்தேன்” என்றேன். “எதற்கு?” என்றார். உங்களைச் சந்தேகப்பட்டுத்தான் என்று எப்படிச் சொல்ல? சிரித்துவிட்டு வந்தேன்.

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளமே. இங்கே ஒரு இணையப் பாதுகாப்பு நிறுவனத்தில் வேலை. இணையத்தில் எங்கெல்லாம் மோசடி நடக்கிறது, எந்த முகவரியிலிருந்து நடக்கிறது என்ற தகவல்களைச் சேர்த்து வைக்கும் ஒரு த்ரெட் இன்டெலிஜென்ஸ் பிளாட்ஃபார்ம் எங்களிடம் உண்டு. அது தரும் தடைப் பட்டியலைப் பார்த்துத்தான் எங்கள் வாடிக்கையாளர்களின் கணினிகள் ஆபத்தான இணையதளங்களைத் திறக்க விடாமல் மறிக்கின்றன. போன மே மாதம் என் குழுத் தலைவி சாஸ்கியா ஒரு வேலை கொடுத்தாள். மோசடிகளைத் துருவி எழுதும் ஒருவருடைய வலைப்பூவை அந்த பிளாட்ஃபார்மோடு இணைக்க வேண்டும். வேலை பெரிதில்லை. புதுக் கட்டுரைகளைத் தானாகவே அனுப்பித் தரும் வலைப்பூவின் ஃபீட் முகவரியைக் கொடுத்து, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை புதுக் கட்டுரை வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிவிட்டால் போதும். கட்டுரைக்குள் வரும் இணைய முகவரிகளை அதுவே பொறுக்கி எடுத்துக்கொள்ளும். கடைசியாக ஒரு கட்டம் இருக்கும். இந்த வலைப்பூவை நீ எவ்வளவு நம்புகிறாய் என்று நூற்றுக்குள் ஒரு எண் கேட்கும். எழுபதைத் தாண்டினால் மனிதர் யாரும் பார்க்காமலே முகவரிகள் தடைப் பட்டியலில் ஏறிவிடும். எழுதுகிறவர் கவனமானவர் என்று தெரியும். எண்பத்தைந்து என்று போட்டுவிட்டு டீ எடுக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது பட்டியல் நிரம்பியிருந்தது. சரிபார்க்க மேலிருந்து கீழே ஓட்டிக்கொண்டே வந்தவள் ஒரு பெயரில் நின்றேன். குற்றாலத்தில், ஐந்தருவி போகிற வழியில் இருக்கும் ஒரு லாட்ஜின் இணையதளம். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அது என் பெரியப்பா மகன் சங்கரன் அண்ணன் நடத்தும் லாட்ஜ். கூரியர் பேரில் குறுஞ்செய்தி அனுப்பி வங்கி விவரம் பிடுங்கும் கும்பலைப் பற்றிய கட்டுரையிலிருந்து அதை பிளாட்ஃபார்ம் எடுத்திருந்தது.

நாங்கள் சின்ன வயதில் எங்கள் ஊர் இலத்தூரிலிருந்து குற்றாலத்துக்குக் குளிக்கப் போனால், எல்லோரும் ஒரே நேரத்தில் அருவிக்குள் போனதாக ஒரு நாள்கூட நினைவில்லை. யாராவது ஒருவர் துணிமணியோடும் பைகளோடும் காய்ந்த தரையில் நிற்க வேண்டும். அக்கம்பக்கத்தில் நிற்கும் அத்தனை பேரையும் கள்ளனைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அநேகமாக அப்படி நின்றது சங்கரன் அண்ணன்தான். அவரிடம் பையைக் கொடுத்துவிட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டோம். அந்த அண்ணனின் லாட்ஜைத்தான் இப்போது கள்ளர் பட்டியலில் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைவிட மோசம், நான் அதை நம்பத் தொடங்கியிருந்தேன். இரண்டு மாதமாக அவர் என் போனைச் சரியாக எடுப்பதில்லை. எடுத்தாலும் “சீசன் வேலை” என்று வைத்துவிடுவார். சீசன் ஜூனில்தானே. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் புதுக் கார் படம் போட்டிருந்தார். ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்க்கப் பார்க்க எல்லாம் பொருந்தி வந்தது. சந்தேகம் வந்துவிட்டால் எல்லாமே பொருந்தும் என்பதை, அதையே தொழிலாகச் செய்கிற நான் மறந்துபோனேன்.

சாஸ்கியாவிடம் சொல்லும் முன்பே அண்ணனைக் கூப்பிட்டேன். அது தப்பு என்று தெரிந்தே கூப்பிட்டேன்.

“அண்ணே, லாட்ஜ் வெப்சைட்டு இப்ப யார் கையில இருக்கு?”

“எதுக்குட்டி கேக்க?”

“யாரும் அதுல புதுசா எதாவது போட்டாங்களா? வெளியாள் யாருக்காவது குடுத்திருக்கீங்களா?”

“நீ என்னமோ போலீஸ்காரன் மாதிரில்லா கேக்க. இங்கன ஆள் நிக்கி, பொறவு பேசுதேன்” என்று வைத்துவிட்டார்.

அந்த மழுப்பல் எனக்குப் போதுமான சாட்சியாகப் பட்டது. சாஸ்கியாவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். “யாருடைய லாட்ஜ்?” என்றாள். “என் சகோதரனுடையது” என்றேன். அவள் முகம் மாறியது. கூடப் பிறந்தவரா என்று கேட்டாள். பெரியப்பா மகன் என்று விளக்கியதும், “ஓ, கசின்தானே” என்று நிம்மதியாக மூச்சுவிட்டாள். அலுவலக விதிப்படி கசின் நெருங்கிய உறவில்லை. நானே தொடர்ந்து விசாரிக்கலாம். எங்களூரில் அண்ணன் என்று சொல்லிவிட்டால் அதற்குள் தரம் பிரிப்பதில்லை என்று சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன். “அவரை நம்புகிறாயா?” என்று கேட்டாள். “அவர் என் அண்ணன்” என்றேன். அது பதிலில்லையே என்பது போல அவள் பார்த்தாள். ஊரில் அது முழுப் பதில். ஆனால் அன்றைக்கு நான் சொன்னது பொய்.

மறுநாள் மதியம் அண்ணனே கூப்பிட்டு, “நீயே உள்ள போய்ப் பாத்துக்கோ” என்றார். தளத்தின் நிர்வாகப் பக்கத்துக்கு நுழைய வேண்டிய பெயரையும் பாஸ்வேர்டையும் ஒரு தாளைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். அவரிடம் சொல்லிவிட்டே உள்ளே போனேன். கூரியர் நிறுவனத்தினுடையது போலவே செய்த ஒரு போலிப் பக்கம் அங்கே ஒரு மூலையில் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. யார் வைத்தது என்று பார்க்க நுழைவுப் பதிவைத் திறந்தேன். மூன்று மாதமாகத் திரும்பத் திரும்ப உள்ளே வந்திருந்த பெயர் அண்ணனுடையது இல்லை. ‘பாரு’ என்று இருந்தது. வீட்டில் என்னைக் கூப்பிடும் பெயர்.

மூன்று வருடத்துக்கு முன் லீவில் போனபோது அந்தத் தளத்தை அமைத்துக் கொடுத்தது நான்தான். சோதனைக்காக என் பெயரில் ஒரு கணக்குத் திறந்து, ஒரு சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும் பாஸ்வேர்டைப் போட்டு, முடிந்ததும் அழிக்க மறந்து விமானம் ஏறிவிட்டேன். அந்தக் கதவு வழியாகத்தான் கள்ளர்கள் வந்து போயிருக்கிறார்கள். வலைப்பூக் கட்டுரையை அப்போதுதான் முழுதாகப் படித்தேன். பட்டியலுக்கு மேலேயே ஒரு வரி இருந்தது: இவை மோசடிக்காரர்களின் தளங்கள் அல்ல, அவர்கள் புகுந்துகொண்ட அப்பாவிகளின் தளங்கள். பிளாட்ஃபார்முக்கு அந்த வரியைப் படிக்கத் தெரியாது. தெரிந்த நானும் படிக்கவில்லை.

“அண்ணே, தப்பு என் மேலதான்” என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

“எனக்கு ரெண்டு மாசமாவே தெரியும்ட்டி, அதுல என்னமோ கோளாறுன்னு” என்றார். “யார் யாரோ போன் போட்டு, பார்சல் எங்கன்னு வைதான். நீ ஆசையா செஞ்சு குடுத்தது. கெட்டுப்போச்சுன்னு உங்கிட்ட எப்படிச் சொல்ல? அதான் போனை எடுக்காம இருந்தேன்.”

“நான் உங்களச் சந்தேகப்பட்டேன்ணே.”

“அது தெரிஞ்சுது” என்றார். அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சாஸ்கியாவிடம் அந்தப் பதிவைக் காட்டியபோது அவள் அதை இரண்டு முறை படித்தாள். என் பெயர், என் நாடு, என் உறவினர். அவள் இடத்தில் நான் இருந்தாலும் என்னைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன். இரண்டு வாரம் என்னை அந்த பிளாட்ஃபார்முக்குள் விடவில்லை. என் மடிக்கணினியை வாங்கிச் சோதித்தார்கள். கோபப்படாமல், ஒளிக்காமல், என் முகத்துக்கு நேரே சந்தேகப்பட்டார்கள். முடிந்ததும் அதே போல நேரே வந்து, “ஒன்றுமில்லை, உள்ளே வா” என்றார்கள். அண்ணனை நான் அப்படிக்கூடச் சந்தேகப்படவில்லையே என்று இருந்தது. அந்த வலைப்பூவுக்குப் போட்ட நம்பிக்கை எண்ணை ஐம்பதுக்கு இறக்கினோம். இனி ஒரு மனிதர் படித்த பிறகுதான் எந்தப் பெயரும் பட்டியலில் ஏறும். அண்ணன் தளத்தைச் சுத்தம் செய்து, அது ஏறியிருந்த மற்ற நிறுவனங்களின் பட்டியல்களுக்கும் எழுதி நீக்கச் செய்தேன். அதற்குள் சீசன் பாதி முடிந்திருந்தது.

ஜூலைக் கடைசியில் ஊருக்குப் போனேன். மறுநாள் லாட்ஜில் உட்கார்ந்து புதுத் தளம் அமைக்க வேண்டியிருந்ததால் அங்கேயே ஒரு அறையில் தங்குவதாக ஏற்பாடு. வெளியே சாரல். அண்ணன் கவுண்டரில் இருந்தார். பழைய முகம்தான், பேச்சுதான் ஒரு அளவோடு இருந்தது.

“சீசன் நேரம். போலீஸ் நோட்டைப் பாப்பான். வீட்டாளா இருந்தாலும் எழுதிரு” என்று தங்குவோர் பதிவேட்டைத் திருப்பி வைத்தார்.

பெயர் எழுதினேன். எங்கிருந்து வருகிறீர்கள் என்ற கட்டத்தில் உத்ரெக்ட் என்று எழுதினேன். அடுத்த கட்டம், எங்கே செல்கிறீர்கள். கை நிற்கவே இல்லை. அதே பெயரை எழுதிவிட்டது.

அண்ணன் தலைகீழாகவே அதைப் படித்தார். “இலத்தூருன்னு எழுதலையா?” என்றார்.

“எந்தக் கட்டத்துலண்ணே, வார ஊருலயா, போற ஊருலயா?” என்றேன்.

அவர் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, பலகையிலிருந்து ஒரு சாவியைக் கழற்றி என் பக்கம் நகர்த்தினார்.