திரும்பும் நேரத்திலிருந்து தொடங்கியவர்

“எத்தனை மணிக்குப் புறப்படணும்?” என்று கேட்டேன்.

“அத ஏன் முதல்ல கேக்க? எப்பத் திரும்பணும்னு கேளு பிள்ள” என்றார் அலிமா பீவி.

1994 ஜனவரி. திருநெல்வேலி ஜங்ஷனில் என் பெரியப்பா தில்லைநாயகம் வேன் வாடகை ஆபீஸ் நடத்திவந்தார். பெண்கள் கல்லூரியில் படிப்பு முடித்த கையோடு நான் அங்கே உட்கார்ந்து, யாருக்கு எந்த வண்டி, எந்த ஊர் என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

“சரி, எப்பத் திரும்பணும்?”

“சாயங்காலம் மஃரிபு பாங்குக்குக் கால் மணி நேரம் முன்னால மேலப்பாளையத்துல எங்க தெருமுனையில நிக்கணும். ஆறு மணின்னு எழுது. பாவநாசத்துலேர்ந்து வண்டி வர எவ்வளவு நேரம்?”

“ஒன்றரை மணி நேரம்.”

“அது உன் வண்டிக்கு. என் வண்டியில இருவது பொம்பளைய. ரெண்டு பேரு வாந்தி எடுப்பாளுவ, ஒருத்தி செருப்பத் தேடுவா. ரெண்டு மணி நேரம்னு எழுது. நாலு மணிக்கு வண்டி எடுக்கணும்னா மூணரைக்குத் தண்ணிய விட்டு ஏறணும். மூணரைக்கு ஏறணும்னா மூணு மணிக்கே நான் கத்த ஆரம்பிக்கணும்.”

பக்கத்து மேஜையில் இருந்த பெரியப்பா சிரித்தார். “நீங்க சொல்லதப் பாத்தா நேத்தே புறப்பட்டிருக்கணும் போலிருக்கே!”

“புறப்பட்டாச்சு அண்ணாச்சி. போன வாரமே பஸ்ல ஒரு வாட்டி போயிப் பாத்துட்டு வந்துட்டேன்” என்றார் அலிமா பீவி, சிரிக்காமல்.

அவருக்கு அப்போது நாற்பது வயது தாண்டியிருக்கும். கணவர் சவூதியில், தம்மாமில் வேலையில் இருந்தார். அலிமா பீவி வீட்டிலிருந்தபடி பீடி சுற்றினார். அந்தத் தெருப் பெண்கள் எல்லோருக்கும் அவர் ‘லாத்தா’, அதாவது அக்கா. வருஷத்துக்கு மூன்று நான்கு முறை, பீடிக்கடை விடுமுறையான வெள்ளிக்கிழமையில், அவர்களை ஒரு வேனில் ஏற்றி வெளியூர் கூட்டிப்போய் வந்தார். எட்டு வருஷமாக இது நடந்தது. டிரைவரைத் தவிர ஆண்கள் யாரும் உடன் வருவதில்லை. அதற்காக வீடு வீடாகப் பேசி, சம்மதம் வாங்கித் தந்தவர் அவருடைய கொழுந்தனார் அகமது மீரான். பாங்கு சொல்வதற்குள் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள் என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். ஒரே ஒரு தடவை பிந்தினாலும் அதோடு சரி. வேனும் கிடையாது, வெளியூரும் கிடையாது.

போக வேண்டிய இடத்தை அலிமா பீவி தேர்ந்தெடுக்கும் விதத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. ஊரின் பெயரும் புகழும் அவருக்கு இரண்டாம் பட்சம். முதலில் தனியாகப் பஸ் ஏறிப் போவார். துணி மாற்ற மறைவு இருக்கிறதா, படித்துறை வழுக்குமா, எத்தனை மணிக்குக் கூட்டம் சேரும் என்றெல்லாம் நின்று பார்ப்பார். எந்த மாதத்தில் எந்தப் பக்கம் எது கிடைக்கும் என்பதும் அவருக்கு அத்துப்படி. பதநீர் இறங்கும் மாதங்களில் ஏரல், ஆத்தூர்ப் பக்கம். மழை ஓய்ந்து ஆறு தெளிந்தபின் மேற்கே. சாப்பாட்டுக்குப் புளிச்சோறும் கருவாட்டு வறுவலும் கட்டிக்கொள்வார்கள். “நெய்ச்சோறு வீட்டுல திங்கத்தான் ருசி. வேன்ல மத்தியானத்துக்குள்ள மூஞ்சத் திருப்பிக்கிடும்” என்பார்.

காலை இட்லிக்கு அம்பாசமுத்திரத்தில் அன்னத்தாய் கடை. முந்தின வாரமே சொல்லிவைத்திருப்பார். பாபநாசம் போன அந்த முறை நானும் உடன் போனேன். இலையில் சூடான இட்லி, எள்ளுப்பொடி, மேலே நல்லெண்ணெய். இவ்வளவு நல்ல கடையை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன்.

“கடைக்குப் பின்னால கதவு வச்ச சுத்தமான கக்கூஸ் இருக்கு. அதுக்குத்தான் வந்தேன். பாத்தா, இட்லியும் நல்லாருக்கு!”

அந்தப் பயணத்தில் நான் ஒரு தவறு செய்தேன். நிகழ்ச்சி நிரலைத் தாளில் எழுதித் தரச் சொல்லியிருந்தார். ஆபீஸில் ஓர் ஆங்கில வரைபடப் புத்தகம் இருந்தது. அதில் பாபநாசத்திலிருந்து காரையார் அணை பக்கத்தில்தான் என்று தெரிந்தது. அங்கிருந்து படகில் போனால் பாணதீர்த்தம் அருவி. நானாகவே அதையும் சேர்த்து எழுதி, அவர் பார்ப்பதற்கு முன்பே அவர் வீட்டுக்கு வந்திருந்த பெண்களிடம் வாசித்தும் காட்டிவிட்டேன். பெண்கள் குதித்தார்கள். அலிமா பீவி என்னைப் பார்த்து, “போயிப் பாத்தியா?” என்று மட்டும் கேட்டார். மேப்பில் பார்த்தேன் என்றேன். அவர் தாளை வாங்கி, எதையும் அடிக்காமல் மடித்து வைத்துக்கொண்டார். சந்தோஷத்தைத் திரும்பப் பிடுங்க அவருக்கு மனமில்லை என்று நினைக்கிறேன்.

வனத்துறைச் செக்போஸ்ட்டில் முக்கால் மணி நேரம் போனது. மலைப்பாதையில் வண்டி இரண்டு முறை வாந்திக்காக நின்றது. படகுத்துறையில் எங்களுக்கு முன்னால் பெரிய வரிசை. ஒரு படகு காலியாக வந்தபோது பெண்கள் முண்டியடித்தார்கள். அலிமா பீவி படகுக்காரரிடம், “திரும்பி எத்தன மணிக்குக் கொண்டாந்து விடுவீய?” என்று கேட்டார்.

“அதச் சொல்ல முடியாதும்மா. அந்தக் கரையில ஆளு சேரணும்லா.”

“அப்ப ஏற வேண்டாம். எல்லாரும் வண்டிக்கு வாங்க.”

“அருவியக் காட்டுதேன்னு கூட்டியாந்து அணைக்கட்டுச் செவுத்தக் காட்டுதாளே லாத்தா!” என்று ஒரு பெண் கத்தினாள். “என்னத்த பிளான் போட்டிய?” என்றாள் இன்னொருத்தி. எனக்குத் தலை நிமிரவில்லை.

“நான்தான் தப்பாக் கணக்குப் போட்டுட்டேன். வையிறத வண்டிக்குள்ள உக்காந்து வையிங்கட்டி” என்றார் அலிமா பீவி.

என் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கீழே பாபநாசத்தைத் தாண்டி, பாறை மறைவில் ஆறு வளையும் ஓர் இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். முன்பே அவர் பஸ்ஸில் வந்து பார்த்துவைத்த இடம். இடுப்பளவுத் தண்ணீர், கண்ணாடி மாதிரி. அரை மணி நேரத்தில் அருவியின் பேச்சே இல்லை.

திரும்பும்போது சேரன்மகாதேவி ரயில்வே கேட் மூடியிருந்தது. வெகு நேரம் ரயில் வரவே இல்லை. முன் இருக்கையில் அலிமா பீவி கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தார். அவர் முதல் நாளே கூட்டி எழுதச் சொன்ன அந்த அரை மணி நேரத்தைக் கேட் முழுசாகத் தின்றுவிட்டது. படகில் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு அங்கேதான் உறைத்தது.

தெருமுனையில் அகமது மீரான் நின்றுகொண்டிருந்தார். “மைனி, பத்து நிமிசம் பிந்திட்டீய.”

“பாங்கு சொல்லியாச்சா?”

“இன்னும் இல்ல.”

“அப்ப பிந்தல.”

அவர் சிரித்துவிட்டுக் கூடைகளை இறக்க வந்தார். கடைசிப் பெண் தன் வாசலில் ஏறிய பிறகுதான் பாங்கு கேட்டது.

நோன்புப் பெருநாள் முடிந்து சில வாரங்களில் அலிமா பீவி மறுபடி ஆபீஸுக்கு வந்தார். இந்த முறை ஏரல் ஆற்றங்கரைக்கு. நான் முந்திக்கொண்டு, “எப்பத் திரும்பணும்?” என்று கேட்டேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“எட்டு வருசமா இவளுவள ஆத்துக்குக் கூட்டிட்டுப் போறேன் பிள்ள. நான் ஒரு நாளும் முங்கிக் குளிச்சதில்ல. கரையில நின்னு தலய எண்ணுததுக்கே எனக்குச் சரியாப் போவுது. இந்தத் தடவ முன்கூட்டி ஏரலுக்கு நீ போயி எல்லாம் பாத்துட்டு வா. அன்னைக்குக் கரையில நீ நில்லு. நான் கொஞ்ச நேரம் தண்ணிக்குள்ள கிடந்துக்கிடுதேன்.”